நிறுவனத்துக்கென்று சொந்த டேட்டா சென்டர்: திட்டமிடல், கட்டுமானம், பராமரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து முதல் இருபது ரேக் (சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரி) வரை தேவைப்படும் ஆலை, மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, கல்லூரி போன்ற இடங்களில் ஐடி பொறுப்பில் இருப்பவர்களும் முதலாளிகளும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கிளவுட் கம்பெனிகள் கட்டும் பெரிய வளாகங்களின் கதை வேறு, அதற்குள் போகவில்லை. கணக்கு குழம்பாமல் இருக்க, தமிழ்நாட்டில் 10 ரேக், ரேக்குக்கு 4 கிலோவாட், ஆக 40 கிலோவாட் சர்வர் லோடு உள்ள ஓர் அறையையே கடைசி வரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

கிளவுட் இருக்கும்போது சொந்தமாக ஏன் கட்ட வேண்டும்?

நிறைய நிறுவனங்கள் கட்டவே வேண்டாம். மெயில், சம்பளக் கணக்கு, வெப்சைட், ஈஆர்பி, இவ்வளவுதான் தேவை என்றால் கிளவுட் போதும். சர்வர் சொந்தமாக இருக்க வேண்டும், ஆனால் மூன்று நான்கு ரேக்குக்கு மேல் போகாது என்றால் கோலொகேஷன் எடுங்கள். அதாவது, இன்னொருவர் நடத்தும் டேட்டா சென்டரில் ரேக்கை வாடகைக்கு எடுத்து உங்கள் சர்வரை வைப்பது. கடலடி கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் இதற்கு நல்ல இடங்கள் இருக்கின்றன.

சொந்தமாகக் கட்ட நியாயமான காரணங்களும் உண்டு. வெளி லைன் அறுந்தாலும் ஓடியே ஆகவேண்டிய வேலைதான் முதல் காரணம். இன்டர்நெட் இல்லை என்பதற்காக ஆலையில் மெஷின் நிற்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு நேற்றைய ஸ்கேன் கிடைக்காமல் போகக் கூடாது. அடுத்தது, ஏற்ற இறக்கம் இல்லாமல் வருடம் முழுக்க ஒரே அளவில் ஓடும் பெரிய லோடு. அதற்கு மாதாமாதம் கிளவுட் பில் கட்டுவது பல நேரங்களில் சொந்தச் செலவைத் தாண்டிவிடும். ஐந்து வருடச் செலவை இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். சொந்தம் என்ற பக்கத்தில் கரண்ட் பில், ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), பேட்டரி மாற்றும் செலவு, இரவு ஷிப்ட் ஆள் சம்பளம் எல்லாம் வரவேண்டும். பெரும்பாலான திட்ட அறிக்கைகளில் விட்டுப்போவது இந்த நான்கும்தான்.

முதலில் எதைக் கணக்கிட வேண்டும்? எத்தனை சதுர அடி என்பதையா?

இல்லை, எத்தனை கிலோவாட் என்பதை. இடம், யுபிஎஸ், ஏசி, ஜெனரேட்டர், டீசல் எல்லாம் அந்த ஓர் எண்ணிலிருந்துதான் வருகின்றன.

சர்வரின் பின்பக்க ஸ்டிக்கரில் 800 வாட், 1,200 வாட் என்று இருப்பதைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அது பவர் சப்ளை தாங்கும் உச்ச அளவு. ஓடும்போது சர்வர் அதைவிட வெகு குறைவாகவே இழுக்கும். இப்போதுள்ள சர்வர்களின் உண்மையான இழுவையை சர்வருக்குள் இருக்கும் மேனேஜ்மென்ட் கார்டிலோ மீட்டர் உள்ள பிடியூவிலோ (ரேக்குக்குள் சர்வர்களுக்குக் கரண்ட் பிரித்துத் தரும் பிளக் பட்டை) ஒரு மாதம் பாருங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாள் அதில் அடங்க வேண்டும்.

நம் உதாரணத்தில் சர்வருக்கு 40 கிலோவாட். சர்வர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியே வரும். யுபிஎஸ் இழப்பு, விளக்கு, ஆட்கள் சேர்த்து 45 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு டன் ஏசி என்பது சுமார் 3.5 கிலோவாட், ஆகவே ஏறக்குறைய 13 டன். சர்வர் அறைக்கென்றே செய்த 7 டன் பிரிசிஷன் ஏசி இரண்டு ஓட, மூன்றாவது ஸ்பேர். ஏசிகள் இழுப்பது சுமார் 18 கிலோவாட். எல்லாம் சேர்த்து, பேட்டரி சார்ஜ் ஆகும் நேரத்தில் மொத்தம் 66 கிலோவாட் வரை போகும். 125 கேவிஏ ஜெனரேட்டர் இதற்குப் போதும், கொஞ்சம் வளரவும் இடம் இருக்கும்.

அடுத்த பத்து வருடத் தேவைக்கும் சேர்த்து இப்போதே பெரிதாகப் போடலாமா?

இடத்தையும் மெயின் கேபிளையும் பெரிதாகப் போடுங்கள். மெஷின்களை வேண்டாம். மிகக் குறைந்த லோடில் ஓடும் யுபிஎஸ் மின்சாரத்தை வீணடிக்கும். டீசல் ஜெனரேட்டர் அதன் திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே தொடர்ந்து ஓடினால் எரியாத எரிபொருளும் கரியும் எக்ஸாஸ்டில் படிய ஆரம்பிக்கும். மாட்யூலர் யுபிஎஸ் வாங்கி, இப்போதைக்கு வேண்டிய மாட்யூலை மட்டும் செருகுங்கள். இன்னும் இரண்டு ஏசிக்கு பைப் போகும் வழி, இன்னொரு ஜெனரேட்டருக்கு மேடை, பேனலில் காலியாக இரண்டு பிரேக்கர் இடம், இவை இருந்தால் போதும்.

கட்டிடத்தில் எந்த இடம் சரி? பேஸ்மென்ட் காலியாகத்தான் இருக்கிறது.

பேஸ்மென்ட் வேண்டவே வேண்டாம். சர்வரை மேலே வைத்துவிட்டு எலெக்ட்ரிக்கல் பேனலையோ டீசல் பம்பையோ பேஸ்மென்ட்டில் வைப்பதும் வேண்டாம். இந்த இரண்டாவது ஏற்பாட்டைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது மன்ஹாட்டனில் 75 பிராட் ஸ்ட்ரீட் கட்டிடத்தில் இதுதான் நடந்தது. சர்வர்களும் ஜெனரேட்டரும் உயரத்தில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலே ஏற்றும் பம்ப் கீழ்த்தளத்தில் இருந்ததால் தண்ணீரில் மூழ்கிவிட்டது. அங்கே டேட்டா சென்டர் நடத்திய பியர் 1 நிறுவனத்தின் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் இருட்டில், படிக்கட்டு வழியாக, 17ஆம் மாடி வரை பக்கெட் பக்கெட்டாக டீசல் சுமந்து ஜெனரேட்டரை நிற்காமல் ஓட்டினார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நின்றது. மனையின் பழைய வெள்ள மட்டத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்து, சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேனல், டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் மூன்றும் அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்கட்டும்.

அப்படியென்றால் மொட்டை மாடிக்கு நேர் கீழே? அங்கே வெயிலும் ஒழுகலும் பிரச்சினை. நடுத் தளம் நல்லது, ஆனால் தலைக்கு மேல் கழிவறையோ பேன்ட்ரியோ தண்ணீர்க் குழாயோ இருக்கக் கூடாது. அடுத்து எடை. அலுவலகத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ வரை தாங்கும்படிதான் வழக்கமாக டிசைன் செய்கிறார்கள். 700 கிலோ எடையுள்ள ரேக் நிற்பதோ 0.72 சதுர மீட்டரில். பேட்டரி வரிசை எளிதாக ஒரு டன்னை எட்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் ஒரு பேட்டரியைக்கூட மேலே ஏற்றாதீர்கள். லிஃப்ட் கதவின் அகல உயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். 42 யூ ரேக் (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) இரண்டு மீட்டர் உயரம் இருக்கும். பல லிஃப்ட்களில் அது நிமிர்ந்து நுழையாது.

கடலோரத்திலோ சாக்கடைக் கால்வாய் ஓரத்திலோ கட்டிடம் இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றும் கந்தக வாயுவும் சர்க்யூட் போர்டில் உள்ள செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். செம்பு, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் அறையில் தொங்கவிட்டு லேபுக்கு அனுப்பினால் அரிப்பின் அளவு தெரிந்துவிடும். அதிகமாக இருந்தால் வெளிக்காற்று உள்ளே வரும் வழியில் கெமிக்கல் ஃபில்டர் போட வேண்டும். செலவு சிறியதுதான், சர்வர் வாரன்டி இதனால் மறுக்கப்படுவதும் உண்டு என்பதால் செய்துவிடுவது நல்லது.

டயர்-3, டயர்-4 என்கிறார்களே, நமக்கு எது?

டேட்டா சென்டர் எவ்வளவு நிற்காமல் ஓடும் என்பதற்கு அப்டைம் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு வகுத்த தரப் படிகள் இவை. டயர்-1 என்றால் எல்லாம் ஒற்றை. டயர்-2 என்றால் யுபிஎஸ், ஏசி போன்ற முக்கிய மெஷின்களுக்கு ஸ்பேர் உண்டு. டயர்-3 என்றால் எந்த மெஷினையும், எந்த கேபிளையும் பழுதுபார்க்கக் கழற்றினாலும் சர்வர் நிற்காது. டயர்-4 என்றால் எதிர்பாராமல் ஒன்று கெட்டாலும் தானே சமாளிக்கும்.

99.982 சதவீதம், வருடத்துக்கு 1.6 மணி நேரம் என்று டயர்-3க்குச் சொல்லப்படும் கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அப்டைம் இன்ஸ்டிடியூட்டே அந்தச் சதவீதங்களைத் தன் தரநிலையிலிருந்து எடுத்துவிட்டது. நம் அளவுக்கு என் யோசனை இதுதான்: கரண்ட் பாதையை டயர்-3 மாதிரி இரட்டையாகப் போடுங்கள், ஏசியில் ஒரு ஸ்பேர் வையுங்கள், சான்றிதழுக்குச் செலவு செய்யாதீர்கள். ‘டயர்-3 பிளஸ்’ என்று கொட்டேஷனில் எழுதுபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘மெயின் பேனலை இறக்கிச் சுத்தம் செய்யும்போது சர்வருக்குக் கரண்ட் எந்த வழியாக வரும்?’ வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால் சரி.

இரட்டைக் கரண்ட் பாதை என்றால் என்ன? இரண்டு யுபிஎஸ் வாங்கினால் போதாதா?

மின்வாரிய சப்ளையும் ஜெனரேட்டரும் இரண்டு தனித்தனி ஆட்டோமேட்டிக் சேஞ்ச்ஓவர் பேனல்களில் (கரண்ட் போனதும் தானாக ஜெனரேட்டருக்கு மாற்றுபவை) சேரும். அங்கிருந்து ஏ, பி என்று இரண்டு யுபிஎஸ், இரண்டு தனி டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, ரேக்குக்குள் இரண்டு பிடியூ. ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் கார்டு உண்டு. ஒன்று ஏ-யில், மற்றது பி-யில். ஏ யுபிஎஸ் மட்டும் தனியாக 40 கிலோவாட்டையும் சுமக்க வேண்டும், பி-யும் அப்படியே. அதனால் 60 கேவிஏ இரண்டு.

ரேக்குக்கு வாருங்கள், கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும். 4 கிலோவாட் ரேக் 230 வோல்ட்டில் இழுப்பது 17 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் பிடியூ இரண்டு போட்டிருந்தால், சாதாரண நாளில் இரண்டிலும் 9 ஆம்பியர் ஓடும். மீட்டரில் பச்சை விளக்கு எரியும், எல்லோருக்கும் திருப்தி. ஒரு நாள் ஏ பக்கம் போனதும் மொத்த 17 ஆம்பியரும் பி-யில் விழும், பிரேக்கர் சூடேறி எப்போது வேண்டுமானாலும் ட்ரிப் ஆகலாம், ரேக் முழுக்க அணைந்துவிடும். இரட்டைப் பாதைக்குச் செலவழித்த பணம் அத்தனையும் வீண். எனவே நம் ரேக்குக்கு 32 ஆம்பியர் பிடியூ இரண்டு. ஒவ்வொன்றிலும் அதன் திறனில் 40 சதவீதத்துக்கு மேல் சாதாரண நாளில் ஓடக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்டையும் ஒரே பிடியூவில் செருகிய சர்வர் ஏதாவது ஒரு ரேக்கில் நிச்சயம் இருக்கும். ஏ கேபிள் சிவப்பு, பி கேபிள் நீலம் என்று வாங்கினால் ரேக்கின் பின்கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

எர்த்திங் 1 ஓமுக்குக் கீழ் இருக்கட்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சர்வர் வைப்பதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெயில் காலத்தில் எர்த் பிட் காய்ந்து அளவு ஏறும். ஆகவே அளவெடுக்க வேண்டிய மாதம் மே.

ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் வைக்க வேண்டும்?

நம் லோடுக்கு மணிக்குச் சுமார் 20 லிட்டர். 990 லிட்டர் தொட்டி இருந்தால் இரண்டு நாள் ஓடும். சந்தையில் 990 லிட்டர் தொட்டி அதிகம் கிடைப்பதற்குக் காரணம் சட்டம்: ஒரு கொள்கலனில் 1,000 லிட்டருக்கு மேல் போகாமல், மொத்தம் 2,500 லிட்டருக்குள் டீசல் வைத்துக்கொள்ள பெட்ரோலியம் லைசென்ஸ் தேவையில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்புவது வழக்கமாக இருக்கட்டும். பிறகு பங்கில் கூட்டமும் இருக்கும், வழியில் மரமும் விழுந்திருக்கும். 800 கிலோவாட் வரையான புதிய ஜெனரேட்டர்கள் 2023 ஜூலை 1 முதல் சிபிசிபி-4 பிளஸ் (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை வரம்பு) விதிக்கு உட்பட்டவை. பழைய ஸ்டாக்கை விலை குறைத்துத் தந்தால் வாங்காதீர்கள்.

வாரா வாரம் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து பார்க்கிறோம். அது போதுமா?

போதாது. லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டுவதால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது என்பது மட்டும்தான் தெரியும். சேஞ்ச்ஓவர் வேலை செய்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, முழு லோடில் சூடேறி நிற்குமா என்பதெல்லாம் தெரியாது. மாதம் ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மின்வாரிய இன்கமரை (சப்ளை உள்ளே வரும் மெயின் ஸ்விட்சை) நிஜமாகவே ஆஃப் செய்யுங்கள். குறைந்தது அரை மணி நேரம் முழு அறையும் ஜெனரேட்டரில் ஓடட்டும். ‘ஏதாவது ஆகிவிட்டால்?’ என்று தயங்கும் நிர்வாகத்திடம், ஆள் எல்லோரும் நிற்கும் சனிக்கிழமை மதியம் ஆகட்டும், தீபாவளி இரவு வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் வற்புறுத்துவது இதைத்தான்: சோதித்துப் பார்க்காத ஜெனரேட்டரையும் பேக்கப்பையும் ‘இருக்கிறது’ என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது.

பேட்டரி: எஸ்எம்எஃப்பா, லித்தியமா?

எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய லெட்-ஆசிட் பேட்டரி) மலிவு, கனம் அதிகம், மூன்று நான்கு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். 25 டிகிரி அறையில் வைக்க வேண்டிய பொருள் அது. 35 டிகிரி அறையில் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பேட்டரி அறைக்கு ஏசி போடாமல் மிச்சம் பிடிப்பவர்கள் அந்தப் பணத்தை பேட்டரிக் கடையில் கொடுக்கிறார்கள். வரிசையில் ஒரே ஒரு பேட்டரி உள்ளே அறுந்தாலும் மொத்த வரிசையும் கரண்ட் தராது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பேட்டரியின் உள் மின்தடையையும் அளந்து எழுதி வையுங்கள். மற்றவற்றிலிருந்து விலகி ஏறிக்கொண்டே போவதை உடனே மாற்றிவிடலாம்.

லித்தியம் நீண்ட நாள் வரும், இடமும் எடையும் குறைவு. ஆனால் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். 2022 அக்டோபர் 15 அன்று தென் கொரியாவின் பாங்யோவில் ஒரு டேட்டா சென்டரின் பேட்டரி அறையில் பிடித்த தீ, நாடே பயன்படுத்தும் காகாவோடாக் மெசேஜிங் சேவையை நிறுத்தியது. எல்லாம் முழுதாகத் திரும்ப ஐந்து நாளுக்கு மேல் ஆனது. 2025 செப்டம்பர் 26 அன்று அதே நாட்டின் டேஜான் நகரில், அரசு டேட்டா சென்டரில் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீ பிடித்தது. அதில் போனவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். லித்தியம் எடுப்பதானால் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையைக் கேளுங்கள், சர்வர் அறைக்கும் பேட்டரிக்கும் நடுவே இரண்டு மணி நேரம் தீ தாங்கும் சுவர் எழுப்புங்கள்.

நாலு ஸ்ப்ளிட் ஏசி போட்டால் ஆகாதா?

ஒன்றிரண்டு ரேக்குக்கு மேல் ஆகாது. ஸ்ப்ளிட் ஏசி மனிதர்களுக்காகச் செய்தது. தன் சக்தியில் ஒரு பகுதியைக் காற்றின் ஈரத்தை இறக்குவதில் செலவழிக்கும், நாளில் சில மணி நேரம் ஓய்வும் எதிர்பார்க்கும். சர்வருக்கு வியர்க்காது. அதற்கு வேண்டியது 24 மணி நேரமும் நிறையக் குளிர்காற்று. பிரிசிஷன் ஏசியைச் செய்திருப்பது அதற்காகத்தான்.

எவ்வளவு குளிர்? ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம் பரிந்துரைப்பது, சர்வரின் முன்பக்கம் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை. உள்ளே போனால் ஸ்வெட்டர் தேவைப்படும் சர்வர் அறைகள் நம்மூரில் இன்னும் இருக்கின்றன. அந்தக் குளிர் சர்வருக்குத் தேவையில்லை, கரண்ட் பில்லில்தான் தெரியும். 24 டிகிரி வையுங்கள்.

ரேக்குகளை முகத்துக்கு முகம் வைத்து, நடுவில் குளிர்ந்த வழி, முதுகுப் பக்கம் சூடான வழி என்று பிரியுங்கள். இரண்டு காற்றும் கலக்கக் கூடாது. ரேக்கில் சர்வர் இல்லாத காலி யூ இடங்களை பிளாங்கிங் பேனலால் மூடுங்கள். ஒரு ரேக்கின் மேல் பாதி சர்வர்கள் மட்டும் சூடாகவே இருக்கிறது என்று கூப்பிட்டால், பெரும்பாலும் காரணம் கீழே திறந்து கிடக்கும் நாலு யூ இடைவெளிதான். பின்பக்கச் சூடான காற்று அதன் வழியே முன்னால் வந்து, மேலே உள்ள சர்வருக்குள் மறுபடி நுழைகிறது. சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் தகடு அதைச் சரிசெய்துவிடும், இன்னொரு ஏசி வாங்க வேண்டியதில்லை.

கரண்ட் போகும் அந்த நிமிடத்தையும் யோசியுங்கள். யுபிஎஸ் இருப்பதால் சர்வர்கள் 40 கிலோவாட் வெப்பத்தைத் தொடர்ந்து கக்கும். ஏசியோ நின்றுவிடும். ஜெனரேட்டர் பதினைந்து நொடியில் வந்தாலும் கம்ப்ரசர் தன் பாதுகாப்புக்காக சில நிமிடம் காத்திருந்துதான் ஓட ஆரம்பிக்கும். சின்ன அறையில் அதற்குள் வெப்பம் கிடுகிடுவென ஏறும். ஏசியின் ஃபேனை மட்டுமாவது யுபிஎஸ்ஸில் கொடுங்கள்.

வெளியே வைக்கும் கன்டென்சரை (ஏசியின் வெளி யூனிட்டை) 45 டிகிரிக்கு மேல் தாங்கும்படி தேர்ந்தெடுங்கள். 2022 ஜூலை 19 அன்று லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரண்டு டேட்டா சென்டர்களும் ஒரே நாளில் நின்றுபோயின. டாக்டர்கள் காகிதத்தில் எழுதிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. மொட்டை மாடியில் மூன்று கன்டென்சரை நெருக்கி, மூன்று பக்கம் சுவர் எழுப்பி மறைத்து வைத்தால், ஒன்று விடும் சூடான காற்றை மற்றது இழுக்கும். வெப்பமானி 40 காட்டும் நாளில் அந்த மூலையில் 50 இருக்கும்.

ஃபால்ஸ் ஃப்ளோர் கட்டாயமா?

இல்லை. ஃபால்ஸ் ஃப்ளோர் என்பது கேபிளும் குளிர்காற்றும் போக அடியில் இடம் விட்டு உயர்த்திப் போடும் தரை. பத்து ரேக்குக்கு, ரேக் வரிசைக்குள்ளேயே வைக்கும் இன்-ரோ ஏசியும் மேலே கேபிள் ட்ரேயும் போதும். ஃபால்ஸ் ஃப்ளோர் போட்டால் அடியில் தண்ணீர்க் கசிவு சென்சர் வையுங்கள், எலி நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். ஃபைபரை எலி கடித்து லைன் போவது நம்மூரில் அன்றாடக் கதை.

தீயணைப்புக்கு எந்த கேஸ்?

முதலில் சீக்கிரம் கண்டுபிடிப்பது. காற்றை உறிஞ்சிப் புகையைத் தேடும் வெஸ்டா வகை டிடெக்டர், தீ கிளம்பும் முன்பே வயர் கருகும் நிலையில் எச்சரிக்கும். பாதி நேரம் ஒரு பிரேக்கரை ஆஃப் செய்வதோடு வேலை முடிந்துவிடும்.

கேஸில் எஃப்எம்-200 நன்றாக வேலை செய்யும், ஆனால் புவி வெப்பமாதலைக் கூட்டும் வாயு என்பதால் உலகெங்கும் குறைத்துவருகிறார்கள். நோவெக் 1230 அதற்கு மாற்றாக வந்தது. அதைத் தயாரித்த 3எம் நிறுவனம் 2025 இறுதியோடு அந்த வகை ரசாயனங்களை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. அதே வேதிப்பொருளை வேறு நிறுவனங்கள் தருகின்றன. மறு நிரப்பல் எங்கிருந்து வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நைட்ரஜன், ஆர்கான் போன்ற மந்த வாயு சூழலுக்கு நல்லது, ஆனால் வெளியேறும்போது பெரும் சத்தம் எழும். 2016 செப்டம்பர் 10 அன்று புக்காரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஒத்திகை நடந்தபோது, அந்தச் சத்த அதிர்விலேயே ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகி, ஏடிஎம், கார்டு சேவைகள் பல மணி நேரம் முடங்கின. மந்த வாயு என்றால் சத்தம் குறைக்கும் நாஸில் கேளுங்கள்.

எந்த கேஸானாலும் அறை அதைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். கேபிள் போகும் ஓட்டை திறந்திருந்தால் கேஸ் வெளியே போய்விடும், தீ உள்ளேயே இருக்கும். ஒப்படைக்கும்போது டோர் ஃபேன் டெஸ்ட் (கதவில் ஃபேன் வைத்து அறையின் கசிவை அளப்பது) செய்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு கம்பெனியிடம் இன்டர்நெட் லைன் வாங்கியிருக்கிறோம். கவலை இல்லையே?

இரண்டும் ஒரே குழியில் வருகிறதா என்று பாருங்கள். வேறு வேறு பெயரில் பில் வரும், ஃபைபர் மட்டும் தெருமுனையில் ஒரே பைப்புக்குள் போகும். ஜேசிபி ஒரு தடவை தோண்டினால் இரண்டும் போச்சு. கட்டிடத்தின் இரண்டு எதிர்ப்பக்கங்களில் இரண்டு நுழைவுக் குழி வெட்டி, ரூட் மேப் கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் லேபிள் இருக்கட்டும்.

வேலை முடிந்தது என்று கான்ட்ராக்டர் சாவி தருகிறார். வாங்கிக்கொள்ளலாமா?

சர்வரை வைப்பதற்கு முன், 40 கிலோவாட் ஹீட்டர் லோடு பேங்க்கை (சர்வருக்குப் பதிலாகக் கரண்ட் இழுத்து வெப்பம் தரும் மெஷினை) வாடகைக்கு எடுத்து ரேக் இடங்களில் வைத்து ஒரு முழு நாள் ஓட்டுங்கள். அப்படியே ஓடும்போது மின்வாரிய சப்ளையை வெட்டுங்கள். ஏ யுபிஎஸ்ஸை அணையுங்கள். ஓர் ஏசியை நிறுத்துங்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுத்து, பேட்டரி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். கொட்டேஷனில் உள்ள பதினைந்து நிமிடம் அப்போதுதான் உண்மையா என்று தெரியும். இந்த ஒரு நாளை டெண்டரிலேயே எழுதி, கடைசிப் பத்து சதவீதப் பணத்தை இதற்குப் பிறகுதான் தருவோம் என்று சேர்த்துவிடுங்கள். பணம் முழுதாகக் கொடுத்த பிறகு கேட்டால் யாரும் வரமாட்டார்கள்.

தினமும் யார் பார்த்துக்கொள்வது? சிஸ்டம் அட்மின் போதாதா?

சிஸ்டம் அட்மினுக்கு சர்வர் தெரியும், பேனல் தெரியாது. எலெக்ட்ரிக்கல், ஏசி தெரிந்த ஒருவர் ஷிப்டுக்கு ஒருவராக வேண்டும். அவர் ஷிப்டுக்கு இரண்டு தடவை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். மானிட்டரிங் சாஃப்ட்வேர் இருந்தாலும் நடக்கத்தான் வேண்டும். பெல்ட் தேயும் சத்தமும், பேட்டரி உப்பியிருப்பதும், ஏசிக்கு அடியில் சொட்டும் தண்ணீரும் நடந்து போகிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

பல நிறுத்தங்கள் யாரோ எதையோ மாற்றும்போது வருகின்றன. ஆகவே எந்த பிரேக்கரைத் தொடுவதானாலும், எந்த கேபிளைப் பிடுங்குவதானாலும் படிப்படியாக எழுதி, தவறினால் எப்படிப் பழையபடி கொண்டுவருவது என்றும் எழுதி, இன்னொருவர் படித்துக் கையெழுத்திட்ட பிறகு செய்யுங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் செய்ய, இருவராக நிற்கட்டும். வெள்ளிக்கிழமை மாலையில் எந்த மாற்றமும் வேண்டாம்.

பேக்கப் எடுக்கிறோம், அதே அறையில் இன்னொரு ஸ்டோரேஜில். சரிதானே?

சரியில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி-2 டேட்டா சென்டர் முழுவதுமாக எரிந்துபோனது. பேக்கப்பும் அங்கேயே இருந்த வாடிக்கையாளர்கள் மொத்தத்தையும் இழந்தார்கள். மேலே சொன்ன டேஜான் தீயில் அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவு போனது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியே பிரதி எடுத்துவைக்கவே இல்லை.

மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு ஊரில். இது பழைய விதி, இன்றும் சரியானது. சென்னை நிறுவனம் என்றால் இரண்டாவது இடம் அதே கடற்கரையில் வேண்டாம். ஒரே புயல் சென்னையையும் கடலூரையும் சேர்த்துப் பாதிக்கும், கோயம்புத்தூரைத் தொடாது. ஒரு பிரதியை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டி வையுங்கள். ரேன்சம்வேர் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அக்கவுண்ட்ஸ் சர்வரை வெற்று மெஷினில் மீட்டெடுத்து, அக்கவுண்ட்ஸ் ஆளையே கூப்பிட்டு நேற்றைய பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டு முதலாளியிடம் காட்டுங்கள். அவர் மனதில் இருக்கும் நேரம் அநேகமாக அதில் கால் பங்காக இருக்கும்.

கதவுப் பாதுகாப்பு, சட்டம் பற்றி?

கார்டு, கைரேகை, கேமரா எல்லாம் வையுங்கள், கூடவே கையால் திறக்கும் சாவி ஒன்றும் செக்யூரிட்டி அறையில் சீல் வைத்து இருக்கட்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் முடங்கியபோது, கட்டிடத்துக்குள் நுழைந்து மெஷினைத் தொடவே இன்ஜினியர்களுக்கு நேரம் பிடித்தது.

இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி சைபர் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லா மெஷின்களின் கடிகாரமும் அரசு நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். அந்த 6 மணி நேரத்தில் யார் மெயில் அனுப்புவது என்று பெயர் எழுதி இப்போதே சுவரில் ஒட்டுங்கள்.

கரண்ட் பில்லை எப்படிக் குறைப்பது?

மொத்த மின்சாரத்தை சர்வர் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பியூஇ. நம் அறையில் அது 1.6 என்றால் வருடத்துக்குச் சுமார் 5.6 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே 45 லட்சம். பியூஇ 1.4 ஆனால் 70,000 யூனிட் குறையும், 5.6 லட்சம் ரூபாய் மிச்சம். வழி மேலேயே இருக்கிறது: வெப்பநிலையை 24க்கு ஏற்றுவது, ஓட்டைகளை மூடுவது, ஏசி ஃபேனை வேகம் மாறும் இசி ஃபேனாக வாங்குவது. அதற்கும் முன்னால், யாரும் பயன்படுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைத் தேடி அணையுங்கள். ஐந்து வருடமான எந்த அறையிலும் அப்படிச் சில இருக்கும்.

பழைய சர்வர், டிஸ்க், பேட்டரியை காயலான் கடையில் போடலாமா?

போடக் கூடாது. மின்னணுக் கழிவுக்கும் பேட்டரிக் கழிவுக்கும் 2022இல் வந்த தனித்தனி விதிகள் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் தரவு போகாது. காந்த டிஸ்க்கை டீகாஸ் (வலுவான காந்தத்தால் தரவை அழிப்பது) செய்யலாம், எஸ்எஸ்டிக்கு அது பலிக்காது. அதற்கு என்கிரிப்ஷன் சாவியை அழிப்பது அல்லது பொடியாக அரைப்பது. அரைக்கும் வண்டியை உங்கள் வளாகத்துக்கே வரவழைத்து, உங்கள் ஆள் நின்று பார்க்கட்டும். அழிப்புச் சான்றிதழில் உள்ள சீரியல் நம்பர்களை உங்கள் சொத்துப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒன்று குறைந்தாலும் வண்டியை வெளியே விடாதீர்கள்.